தோப்பூர் வளவுக்கு எந்த உடம்பு?

உங்கள் உடம்பு வாதமா, பித்தமா, கபமா என்று சில கேள்விகளால் கண்டுபிடித்து, அதற்கேற்றபடி சாப்பாட்டையும் வீட்டுத்தோட்டத்தையும் அமைத்துக்கொள்ளச் சொல்லும் அறிவுரை இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. வாத உடம்புக்காரர் வற்றாளையும் பூசணியும் நட வேண்டும். பித்த உடம்புக்காரர் வெள்ளரியும் கொத்தமல்லியும். கப உடம்புக்காரர் மிளகாயும் கைப்புக் கீரைகளும். ஆயுர்வேதம் என்ற பெயரில் சொல்லப்படுவதால், இது ஆயிரம் ஆண்டு சோதித்துப் பார்த்த முடிவு என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். இந்த அறிவுரையைத் திருகோணமலை மாவட்டத்துத் தோப்பூரில் நிறுத்தி உரசிப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். அதற்குத் தோப்பூரைவிடப் பொருத்தமான இடம் எளிதில் கிடைக்காது.

கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, மகாவலி கடலில் சேரும் தாழ்நிலத்தில் இருக்கிறது தோப்பூர். அல்லைத் திட்டத்து வாய்க்கால் நீரில் நெல் விளைகிறது. கடலும் களப்பும் தொலைவில் இல்லை. ஊரில் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள். சுற்றிலும் தமிழ்க் கிராமங்கள். சேருவில பக்கம் சிங்களக் குடியேற்றங்கள். ஆகவே யூனானி, சித்தம், ஆயுர்வேதம் என்ற மூன்று மருத்துவ மரபுகளும் ஒரே பேருந்துப் பாதையில் சந்தித்துக்கொள்கிற ஊர் இது. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் இம்மூன்றையும், பரம்பரை வைத்தியமான தேசிய சிகிச்சையையும் சேர்த்து ‘ஆயுர்வேதம்’ என்ற ஒரே பெயருக்குள் அடக்கியது. நிர்வாகத்துக்கு அது வசதி. ஒரு மனிதரின் உடம்பைப் பார்த்துச் சாப்பாடு சொல்லும்போதோ, இந்த மரபுகள் ஒன்றல்ல என்பது உடனே தெரிந்துவிடும்.

எழுபது வயதைக் கடந்த ஒரு வயற்காரரை எடுத்துக்கொள்வோம். ஆயுர்வேத நூல்களின்படி சிறுவயது கபத்தின் காலம், நடுவயது பித்தத்தின் காலம், முதுமை வாதத்தின் காலம். எனவே அவருக்கு இனிப்பும் புளிப்பும் உப்பும் சேர்ந்த, எண்ணெய்ப்பசையுள்ள, சூடான உணவு வேண்டும். சித்த மருத்துவம் இந்த வரிசையைத் தலைகீழாக வைக்கிறது. வாழ்நாளை மூன்றாகப் பகுத்து முதற்பங்கை வாதத்துக்கும் நடுப்பங்கைப் பித்தத்துக்கும் கடைசிப் பங்கைக் கபத்துக்கும் கொடுக்கிறது. அதன்படி அதே மனிதருக்கு இனிப்பும் எண்ணெயும் குறைந்து, கார்ப்பும் கைப்பும் கூடிய உணவே பொருந்தும். யூனானி மருத்துவர் மூன்றுக்குப் பதிலாக நான்கு திரவங்களை வைத்துக் கணக்குப் பார்ப்பார்: இரத்தம், சளி, மஞ்சட்பித்தம், கரும்பித்தம். இப்னு ஸீனா 1025 அளவில் எழுதி முடித்த ‘கானூன்’ நூல் முதுமையைக் குளிரும் வறட்சியும் மிகுந்த பருவமாக வகுக்கிறது. ஆகவே வெப்பமும் ஈரமும் தரும் உணவு. நாளின் பொழுதுகளிலும் இதே முரண் உண்டு. ஆயுர்வேதத்தில் காலை கபத்துக்கும் மாலை வாதத்துக்கும் உரியவை. சித்தத்தில் காலை வாதத்துக்கு, மாலை கபத்துக்கு.

ஒரே மனிதர், ஒரே சட்டம் ஏற்றுக்கொண்ட மூன்று மரபுகள், ஒன்றோடொன்று பொருந்தாத பத்தியங்கள். உடல்வகைப் பட்டியலை இயற்கையின் விதி போல நம்புகிறவர்கள் முதலில் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். ஏதாவது ஒரு மரபு பொய் என்று இதற்குப் பொருளாகாது. ஒரு நல்ல வைத்தியர் வயதையும் வகையையும் மட்டும் வைத்து முடிவு செய்வதே இல்லை. நாடி பார்ப்பார், நாக்கைப் பார்ப்பார், மலசலம் விசாரிப்பார், தூக்கம், பசி, செய்யும் வேலை எல்லாம் கேட்பார். வாதம் ஒரு பங்கு என்றால் பித்தம் அரைப்பங்கு, கபம் காற்பங்கு என்ற அளவில் நாடி நடக்க வேண்டும் என்பது சித்தத்தின் கணக்கு. அந்த அளவு நாளுக்கு நாள் மாறும். பிறப்போடு வந்த ஒரு முத்திரையை மட்டும் பார்த்து ஆயுள் முழுவதற்கும் சாப்பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுப்பது இவர்களுடைய வழக்கத்தில் இல்லை.

சரக சம்ஹிதையே இதற்குச் சான்று. அதன் விமானஸ்தானம் முதல் அத்தியாயம், உணவு நன்மை செய்யுமா தீமை செய்யுமா என்பதைத் தீர்மானிக்கும் எட்டு விடயங்களைச் சொல்கிறது: உணவுப்பொருளின் இயல்பு, அதைப் பக்குவம் செய்யும் முறை, எதனோடு எது சேர்கிறது, அளவு, இடம், காலம், உண்ணும் ஒழுங்கு, கடைசியாக உண்பவர். உண்பவருடைய உடம்பு எட்டில் ஒன்று. அங்கும் அவர் எதற்குப் பழகியவர் என்பதுதான் முக்கியம். வாதமா பித்தமா என்பதை மட்டும் வைத்து நூல் நின்றுவிடவில்லை. மூதூர்ப் பக்கத்து எருமைத் தயிரை இந்த எட்டுக்குள் வைத்துப் பாருங்கள். தயிரை இரவில் சாப்பிட வேண்டாம் என்கிறது சரகம். தினமும் வேண்டாம், தனியாக வேண்டாம், இனிப்போ பயறோ நெல்லியோ சேர்த்துச் சாப்பிடு என்கிறது. பகலில், சாப்பாட்டுக்குப் பின், சீனி போட்டு ஒரு கிண்ணம் தயிர் சாப்பிடும் கிழக்கிலங்கை வழக்கம் இந்த விதிகளில் பலவற்றோடு பொருந்திப்போகிறது. கப உடம்புக்காரர் தயிரே தொடக்கூடாது என்று ஒரே வரியில் தீர்ப்பளிக்கும் பட்டியல்கள் இந்த நுட்பத்தையெல்லாம் தொலைத்துவிட்டன.

எட்டில் ஐந்தாவதான இடத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தோட்டம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. வடமொழி மருத்துவ நூல்கள் நிலத்தை ஜாங்கலம், ஆனூபம், இரண்டுக்கும் நடுவே சாதாரணம் என்று பிரிக்கின்றன. வறண்ட, மரம் குறைந்த, காற்றோட்டமுள்ள ஜாங்கலம் உடம்புக்கு நல்லது. நீர் தேங்கும் சதுப்பு நிலமான ஆனூபம் கபத்தையும் வாதத்தையும் வளர்க்கும். பிரெஞ்சு அறிஞர் பிரான்சிஸ் சிம்மர்மான் 1982இல் வெளியிட்ட நூல் முழுவதும் இந்தப் பிரிவைச் சுற்றியே எழுதப்பட்டது. அந்தக் கண்ணால் பார்த்தால், மகாவலி முகத்துவாரத்துத் தோப்பூர் நோய்க்கு இடங்கொடுக்கும் ஆனூப நிலம். தமிழ் மரபு வேறு விதமாகப் பேசுகிறது. ‘பதார்த்தகுண சிந்தாமணி’ ஐந்து திணைகளுக்கும் மருத்துவ குணம் கூறும்போது, குறிஞ்சியில் கப நோய்கள், முல்லையில் பித்தமும் வாதமும், நெய்தலில் வாதம், பாலையில் மூன்றும் என்று வகுத்துவிட்டு, நோய்களைப் போக்கும் நல்ல நிலம் என்று மருதத்தையே சொல்கிறது. நெல் விளையும் தோப்பூர் இந்தக் கணக்கில் மேலான நிலம். கொஞ்சம் கடற்பக்கம் நகர்ந்தால் நெய்தல்.

புல்வெளியில் வாழ்ந்தவர்கள் புல்வெளியையும் வயலில் வாழ்ந்தவர்கள் வயலையும் நல்ல நிலமாக எழுதிவைத்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வரலாறு இரண்டு கூற்றுக்கும் முழுமையாகத் துணைபோகவில்லை. மருதத்தின் பெருமை எதுவாயினும், இலங்கையின் உலர்வலய நீர்ப்பாசன நிலங்களில் மலேரியா தலைமுறை தலைமுறையாக மனிதர்களைத் தின்றது. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தபோது, அதற்குக் காரணமாக இருந்தது நுளம்பையும் கிருமியையும் குறிவைத்த பொதுச் சுகாதாரப் பணி. எந்த நிலத்தின் குணமும், எந்த உடம்பின் வகையும் அதைச் செய்யவில்லை.

நவீன அறிவியல் உடல்வகையைப் பற்றி என்ன கண்டது? கண்டது கொஞ்சம் இருக்கிறது. அதை மதிக்க வேண்டும். டில்லியிலுள்ள மரபணுவியல், ஒருங்கிணைந்த உயிரியல் நிறுவனத்தின் பாவனா பிரஷேர், மிதாலி முகர்ஜி குழுவினர் 2008இல், வாத, பித்த, கப வகைகளில் உச்சத்தில் இருந்தவர்களின் இரத்த அளவீடுகளிலும் மரபணு வெளிப்பாட்டிலும் வேறுபாடுகளைக் காட்டினார்கள். 2015இல் ஹைதராபாத் ஆய்வாளர்கள் 3,416 பேரைப் பரிசோதித்து, தெளிவாக ஒரு வகையில் அடங்கிய 262 ஆண்களின் மரபணுக்களை ஒப்பிட்டு, பித்த வகைக்கும் ஒரு குறிப்பிட்ட மரபணுவுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று எழுதினார்கள். இங்கே கவனிக்க வேண்டியது அந்த விகிதம்: மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களில் மரபணு ஒப்பீட்டுக்கு எடுக்கப்பட்டவர்கள் முந்நூறுக்கும் குறைவு. பெரும்பாலோர் கலப்பு உடம்புக்காரர்கள், இதைப் பழைய நூல்களும் மறுக்கவில்லை. 2013இல் வெளியான இன்னொரு ஆய்வில், பதிவுபெற்ற 15 ஆயுர்வேத மருத்துவர்கள் 20 ஆரோக்கியமானவர்களைத் தனித்தனியே பார்த்தார்கள். நாடியிலும் நாக்கிலும் உடல்வகையிலும் அவர்களுடைய முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனது குறைவாகவும் நடுத்தரமாகவுமே இருந்தது. பயிற்சி பெற்ற மருத்துவர்களுக்கே இப்படியென்றால், கைத்தொலைபேசியில் பத்துக் கேள்விக்கு விடை சொல்லித் தன் வகையை உறுதிசெய்துகொள்வதில் என்ன பொருள் இருக்க முடியும்?

ஒரே உணவு ஆளுக்கு ஆள் வேறாக வேலை செய்கிறது என்ற அடிப்படை எண்ணம் மட்டும் உறுதியாக நிற்கிறது. இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனம் 2015இல் 800 பேரின் இரத்தச் சீனியைத் தொடர்ந்து அளந்தபோது, ஒரே உணவுக்கு ஒவ்வொருவரிடமும் வெவ்வேறு ஏற்றம் தெரிந்தது. குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கு அதில் பெரிய பங்கு இருந்தது. ஆனால் வகை பிரித்துச் சாப்பாடு கொடுத்தால் பலன் கூடுமா என்று சோதித்தபோது கதை வேறு. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் 609 பேரை ஓராண்டு பின்தொடர்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், மரபணு வகைக்கேற்ற உணவுமுறை கூடுதல் எடைக்குறைப்பைத் தரவில்லை. வித்தியாசம் உண்மை, அந்த வித்தியாசத்தைச் சில பெட்டிகளில் அடைத்துவிடலாம் என்பது இன்னும் நிறுவப்படாதது.

இனி அடுப்படிக்கு வருவோம். தோப்பூர் வீட்டில் ஒரு நேரத்துக்கு ஒரு சோறு, ஒரு ஆணம், ஒரு சுண்டல், சம்பல். குழந்தை, கர்ப்பிணி, வயலுக்குப் போய் வந்தவர், சீனி வருத்தக்காரர், முதியவர் எல்லாரும் அந்தச் சட்டியில் இருந்துதான் சாப்பிடுகிறார்கள். உடல்வகை பார்த்து ஆளுக்கொரு சமையல் என்பது வேலைக்காள் வைத்துச் சமைக்கும் வீடுகளின் யோசனை. நம்முடைய பெண்கள் இதை வேறு விதமாகத் தீர்த்தார்கள். மூலச் சமையல் எல்லாருக்கும் ஒன்று. வேறுபாடு தட்டில் நடக்கும். சளி பிடித்தவருக்கு மிளகும் உள்ளியும் தட்டிய ரசம், வயிறு எரிகிறவருக்குத் தேங்காய்ப்பால் கூட்டிய சொதி, பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கு அரைத்த பத்தியக்கறி, பால் கொடுக்கிறவளுக்குப் பால்சுறா. சூடு, குளிர், கிரந்தி என்ற மூன்று சொற்களை வைத்துக்கொண்டு, எந்தப் பட்டியலும் இல்லாமல், யாருக்கு என்ன கூட்ட வேண்டும், என்ன குறைக்க வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். இறால், நண்டு, கத்தரிக்காய், அன்னாசி கிரந்தி என்று புண் உள்ளவருக்கு விலக்கப்பட்டன. புண் ஆறியதும் அதே ஆள் அதைச் சாப்பிட்டார். விலக்கு நிலைமைக்கே உரியது. நிரந்தர உடம்பு வகையைவிட இன்றைய நிலைமையைப் பார்த்துச் செய்யும் இந்தத் திருத்தம்தான் மரபின் உயிர்நாடி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தோட்டத்துக்கும் இதே நியாயம். நட்டவரின் உடம்பைப் பார்த்துப் பயிரைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன பழைய நூல் எதையும் நான் பார்த்ததில்லை. பயிரின் உடம்பைப் பார்க்கச் சொன்ன நூல் இருக்கிறது. சுரபாலர் எழுதிய ‘விருட்சாயுர்வேதம்’ ஆயிரம் ஆண்டுப் பழமையுடையதாகக் கருதப்படுகிறது. அதன் ஏட்டுப்பிரதி ஒக்ஸ்போர்டின் பொட்லியன் நூலகத்தில் இருந்தது, நளினி சதாலேயின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1996இல் வந்தது. 325 செய்யுள்களில் அது மரங்களுக்கே வாதம், பித்தம், கபம் என்று வகுத்து நோய் பார்க்கிறது. இலை மஞ்சளித்துக் காலத்துக்கு முன் பழம் உதிர்ந்தால் பித்தம், அதற்குக் குளிர்ந்த, இனிப்பான பொருள்கள். கபத்துக்குக் கைப்பும் துவர்ப்பும் கார்ப்புமான கசாயங்கள். வாதத்துக்கு இறைச்சியும் கொழுப்பும் நெய்யும். இறைச்சி, மீன், எள்ளுப் பிண்ணாக்கு போன்றவற்றை வேகவைத்துப் புளிக்கவைத்த குணபஜலம் என்ற திரவ உரத்தையும் அது விவரிக்கிறது.

இந்தக் கடைசிச் செய்தி தோப்பூருக்கு வெறும் பழங்கதையல்ல. 2021 மே மாதம் அரசு இரசாயன உர இறக்குமதியை ஒரே வர்த்தமானியால் நிறுத்தியது. அவ்வாண்டு நவம்பரில் திரும்பப் பெற்றது. இடையில் அகப்பட்ட விவசாயிகள் பட்ட பாடு நாடே அறிந்தது. நெல் வயலை ஒரு போகத்துக்குள் இயற்கை உரத்துக்கு மாற்ற முடியாது. ஆனால் வீட்டு வளவை மாற்ற முடியும். கொட்டியாரக் குடாவை நம்பிய ஊர்களில் மீன் கழிவுக்குப் பஞ்சமில்லை, பட்டி மாடுகள் இருக்கின்றன, உமி இருக்கிறது. குணபஜலம் போன்ற மீன் உரத்தை ஒரு பீப்பாயில் புளிக்கவைத்து முருங்கைக்கும் தேசிக்கும் ஊற்றுவதற்குச் சந்தையில் போய் நிற்கத் தேவையில்லை.

எதை நடுவது? இங்கே தீர்மானிப்பவை நான்கு: உப்பு, நீர், காற்று, பருவம். ஐப்பசியிலிருந்து தை வரை மாரி மழை கொட்டும். ஆண்டு மழையின் பெரும்பகுதி அந்த மாதங்களிலேயே வந்துவிடும். வைகாசிக்குப் பின் கச்சான் காற்று மண்ணைச் சுட்டெடுக்கும். மாரியில் தானாக முளைக்கும் கீரைகள் மலிவு. கச்சானில் நிற்பவை வேரோடிய மரங்களும் கொடிகளும்தான். ஆகவே இலைக்கறிக்கான மரம் வேண்டும்: முருங்கை, அகத்தி, கறிவேப்பிலை. வேலிக்குக் கோவை, குறிஞ்சா, பிரண்டை. குளிக்கும் கிணற்றடியில் நீர் வழியும் நிழலில் வல்லாரையும் பொன்னாங்காணியும். மேட்டில் கத்தரி, மிளகாய், பயற்றை. பந்தலில் பாகல், புடோல். இப்படி நட்டால் ஆறு சுவையில் பெரும்பாலானவை வளவிலேயே கிடைத்துவிடும்: இனிப்புக்கு வற்றாளையும் தேங்காயும், புளிப்புக்குத் தேசி, கார்ப்புக்கு மிளகாய், கைப்புக்குப் பாகலும் குறிஞ்சாவும், துவர்ப்புக்கு வாழைப்பூ. உப்பைக் கடலே தருகிறது. எந்த உடம்புக்காரர் அந்த வீட்டில் பிறந்தாலும், எந்த நோய் வந்தாலும், தட்டில் கூட்டவும் குறைக்கவும் வேண்டியது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். 2006 ஆகஸ்டில் போரால் மூதூர், தோப்பூர் மக்கள் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்து திரும்பியவர்கள். மரம் உள்ள வளவின் அருமையை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கோவை இலையைப் பற்றித் தனியாக ஒரு சொல். இலங்கையில் 61 ஆரோக்கியமானவர்களிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், 20 கிராம் கோவை இலையைத் தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்து, நாம் சுண்டல் செய்வதைப் போலவே கொடுத்தபோது, குளுக்கோஸ் குடித்த பின் இரத்தச் சீனி ஏறும் அளவு குறைந்தது. நாட்டின் வளர்ந்தவர்களில் பத்துப் பேருக்கு ஒருவர் நீரிழிவுக்காரர் என்று 2008இலேயே ஒரு தேசிய ஆய்வு சொன்ன நிலையில் இது மதிக்கத்தக்க செய்தி. ஆனால் இலை வேலை செய்கிறது என்பதாலேயே எச்சரிக்கையும் வேண்டும். சீனிக் குளிசையோடு கோவையும் குறிஞ்சாவும் தினமும் சேர்த்தால் சீனி தாழ்ந்துபோகலாம்; மருத்துவரிடம் சொல்லாமல் செய்யக்கூடாது, குளிசையை நிறுத்தவும் கூடாது. கொலஸ்ட்ரோல் குறையும் என்று பிலிம்பிக்காய்ச் சாற்றைக் குடித்துச் சிறுநீரகம் பழுதடைந்த பத்துப் பேரைப் பற்றிக் கேரள மருத்துவர்கள் 2013இல் எழுதினார்கள். காமரங்காயால் அதே கேடு நேர்ந்த இருவரை இலங்கை மருத்துவர்கள் 2015இல் பதிவு செய்தார்கள். ஆணத்தில் இரண்டு பிலிம்பிக்காய் போடுவது வேறு, வெறும் வயிற்றில் கோப்பை கோப்பையாகச் சாறு குடிப்பது வேறு. அளவு என்று சரகம் நான்காவதாகச் சொன்னது இதைத்தான். வல்லாரையும் கங்குனும் நீரில் உள்ள உலோகங்களை உறிஞ்சிச் சேர்ப்பவை என்பதால், மருந்தடித்த வயல் வாய்க்காலில் பறித்ததை இலைக்கஞ்சிக்குப் போடாதீர்கள்.

1660இல் இதே கொட்டியாரக் குடாவில் கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்ட ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 19 ஆண்டு சிறையிருந்து தப்பிப்போய் 1681இல் வெளியிட்ட நூலில், இந்த நாட்டு மக்களுக்குக் காடுதான் மருந்துக்கடை என்று எழுதினார். அந்தக் காடு இன்று வெகுவாகச் சுருங்கிவிட்டது. எஞ்சியிருப்பது வளவுகளிலும், அவற்றை நட்டுப் பராமரிக்கும் வயதான பெண்களின் நினைவிலும் இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் கற்பிக்கிறார்கள். கொழும்பில் யூனானி பட்டம் கொடுக்கிறார்கள். இரு தரப்பு மாணவர்களும் சேர்ந்து தோப்பூர், பாலத்தோப்பூர், அல்லைநகர் வளவுகளில் நிற்கும் செடிகளையும், எந்த நோய்க்கு எந்தக் கறியைக் கூட்டினார்கள், எதை விலக்கினார்கள் என்பதையும் வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். உடல்வகையைக் கண்டுபிடிக்கும் கேள்விக்கொத்துகளைவிட அந்தக் குறிப்பேடு ஊருக்கும் மருத்துவத்துக்கும் பயன்படும். வேலையை இந்த மாரிக்கே தொடங்குங்கள். செடிகள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் காலம் அது.